நோவு சொல்லும் ஆட்டம்

இந்த ஊரில் யாரும் சொல்லாமல் போன் செய்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்னிடம் பேச வேண்டுமென்றால்கூட முதலில் ஒரு டெக்ஸ்ட் வரும்: ‘இப்போது கூப்பிடலாமா?’ சரி என்று நான் பதில் அனுப்பிய பிறகுதான் மணி அடிக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் தும்மினால் அவளுக்குக் கேட்கும். ஆனாலும் டெக்ஸ்ட். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய கூத்தாக இருந்தது. இப்போது பழகிவிட்டது, பழக்கத்தோடு ஒரு பயமும் சேர்ந்து வந்துவிட்டது. முன்கூட்டிச் சொல்லாமல் என் போன் அடித்தால் அது கொல்லிமலையிலிருந்துதான். யாருக்கு என்ன ஆச்சோ? மனசுக்குள் நாலைந்து பேரைக் கொன்று புதைத்துவிட்டுத்தான் பச்சைப் பொத்தானைத் தொடுவேன். எடுத்தால், ‘ஒண்ணுமில்ல புள்ள, சும்மாதான் கூப்புட்டேன்’ என்பார்கள். எனக்கு வருகிற கோபத்தில் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஊரில் இருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன், சும்மா கூப்பிடுவதாக இருந்தால் எடுத்தவுடன் முதல் வார்த்தையே ‘சும்மாதான்’ என்று சொல்லிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

பயமில்லாமல் நான் எடுக்கும் அழைப்பு வாரத்தில் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் காலைப் பலகாரம் முடிந்த நேரம், என் மலைச் சிநேகிதிகளுக்குச் சாயங்காலக் காப்பி நேரம். செம்மேட்டுக்கு அந்தப்பக்கம் மல்லிகாவின் வீட்டில் பாய் விரித்து, சீட்டுக்கட்டைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். பித்தளைச் செம்பில் சாய்த்து வைத்த போன்தான் அந்தப் பாயில் என் இடம். மல்லிகா அங்கன்வாடி டீச்சர். ராசாத்தி மிளகும் காப்பியும் பயிர் பண்ணுகிறவள், கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் திருப்பூரில் இருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் மலையில் ஒரே விடுதிப் பள்ளிக்கூடத்தில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். நாலாவது ஆள் எஸ்தர் டீச்சர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரி. சின்ன வயசில் வேலை கிடைத்து மலை ஏறி வந்தவள், மாறுதல் வரும்போதெல்லாம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு மல்லிகாவின் பக்கத்து வீட்டிலேயே தங்கிவிட்டாள். மழை வலுத்து பஸ் நின்றுபோன ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாமல் தொடங்கிய ரம்மி ஆட்டம் இது. எங்களுக்குத் தலை நரைத்த பிறகும் நிற்கவில்லை.

காசு வைத்து ஆடுவதில்லை, பலாக்கொட்டைதான். ஜெயித்தவள் மடியில் கட்டிக்கொண்டு போய்க் குழம்பில் போடலாம். நான் ஜெயித்தால் என் பங்கை எஸ்தர் அடுப்பில் சுட்டு, உரித்து, போனுக்கு முன்னால் வைத்து ஒவ்வொன்றாகத் தின்று காட்டுவாள். எனக்கு விழுந்த சீட்டுகளை மல்லிகா போன் பக்கம் திருப்பிப் பிடித்துவிட்டுத் தலையை அப்புறம் திருப்பிக்கொள்வாள். ‘நான் பாக்கலீங்க சாமி, நீயே பாத்துக்க’ என்பாள். பார்க்கத்தான் செய்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ‘நோவு சொல்றது’ என்று பெயர். கையில் நல்ல சீட்டு வந்துவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அதை மறைக்க உடம்பில் ஏதாவது வலி இருப்பதாகப் புலம்ப வேண்டும். பல் வலி, இடுப்புப் பிடிப்பு, தலைசுற்றல், எது வேண்டுமானாலும். சில சமயம் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டும் புலம்பலாம், மற்றவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால் யாருடைய நோவு எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டமே. ராசாத்தி இதில் மகாராணி. ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லிகாவின் மடியில் சாய்ந்து, ‘என்ற மக கல்யாணத்த நீதான் பாக்கோணும்’ என்று கண்ணீர் விட்டாள். அவள் விட்ட கண்ணீரைப் பார்த்து எஸ்தரே ஏமாந்து ‘ஏசப்பா’ என்று எழுந்துவிட்டாள். ராசாத்தியின் கையில் மூன்று ராஜா இருந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த ஆட்டத்தில் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. ‘மெய்யாவா, சத்தியமா?’ என்று யாரும் கேட்கக் கூடாது. மலையில் சத்தியம் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் ஊரில் பெரியசாமி கோயில் மலை இருக்கும் திக்கைப் பார்த்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீடு விளங்காது என்று சின்ன வயசிலிருந்தே எங்கள் ரத்தத்தில் ஏற்றியிருக்கிறார்கள். வேலித் தகராறு முதல் கல்யாணத் தகராறு வரைக்கும் அந்த இரண்டு கை நீட்டலில் தீர்ந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். பொய் சொல்லத்தான் சீட்டாட்டம், அதற்குள் சாமியை இழுத்துவிட்டால் யாராவது ஒருத்தி மாட்டிக்கொள்வாள். அதனால் எந்த நோவையும் மெய்யா பொய்யா என்று கேட்காமலே ஆடிப் பழகிவிட்டோம்.

இதெல்லாம் தெரியாத ஊரில் நான் ஒருமுறை நோவு சொல்லிவிட்டேன். ஹல் நகரத்தில் பக்கவாத நோயாளிகள் இருக்கும் வார்டில் எனக்கு நர்ஸ் வேலை. கூட வேலை பார்க்கும் கேரல் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் போக்கர் ஆடுவார்கள். அவர்களும் பழைய சிநேகிதர்கள்தான், நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போக்கர் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. எனக்குப் பிடிபடாதது அவர்கள் முகம். ஆட்டம் தொடங்கியதும் எல்லாருடைய முகமும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிடும். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் ஒரே முகம். அதுதான் சாமர்த்தியமாம். எனக்கு மூன்று ஆசு வந்த அன்றைக்கு, பழக்க தோஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ‘ஓ, மை செஸ்ட்!’ என்று புலம்பிவிட்டேன். மேஜை குலுங்கியது. கேரல் முழங்கால் போட்டு உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். அவள் கணவர் ஆம்புலன்சுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே அந்த மூன்று சீட்டையும் விரித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

“அதை வைத்து மட்டும் விளையாடாதே, லவ்,” என்றாள் கேரல். இங்கே ‘லவ்’ என்றால் நம் ஊர்க் ‘கண்ணு’ மாதிரி. என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. இவர்களுக்கு ஒரு விளையாட்டு தெரிகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை மலைக்காரிகளிடம் சொன்னேன். “நாடி புடிச்சுப் பாத்தாளா! அடி ஆத்தீ!” என்று ராசாத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அவர்களுக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ரம்மியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். முகத்தை மூடி வைக்கும் பாடத்தை மட்டும் ராசாத்தி ஏற்கவில்லை. “மூஞ்சிய மூடுனா ஒளிக்கறான்னு தெரிஞ்சு போயிருமல்ல? இதென்ன கூறுகெட்ட ஆட்டம்,” என்று சொல்லிவிட்டு, போக்கருக்கும் நோவு சொல்வதையே வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மலையில் மூட்டம் இறங்கியிருந்தது. மல்லிகா வீட்டு வாசல் போனில் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ராசாத்தி பாயின் ஓரத்தில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஆட்டத்தில் சீட்டு போட்டதும் ஆரம்பித்தாள்.

“அய்யோ, கையி மரமரன்னு கெடக்குது புள்ள. சீட்டே புடிக்க முடியல.”

“ஆரம்பிச்சுட்டா மகராசி!” என்றாள் மல்லிகா. “எச்சா பலாக்கொட்ட வெக்காதீங்க, இவகிட்ட ஆசு இருக்குது.”

“ஏட்டி, போன வாரம் நெஞ்சு, இந்த வாரம் கையா? அடுத்த வாரம் காலு வலிக்கும் பாரு,” என்றாள் எஸ்தர்.

நானும் சிரித்தேன். ராசாத்தியும் சிரித்தாள். அவள் சிரித்தபோதுதான் பார்த்தேன். அவள் வாயின் ஒரு பக்கம்தான் மேலே போனது. வலது பக்கம் அப்படியே கிடந்தது. சிக்னலா? படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வருகிறது, அதனால் அப்படித் தெரிகிறதா? எத்தனையோ வருஷமாக வார்டில் தினமும் பார்க்கிற வாய் அது. ஆனால் அந்த வாய் ராசாத்தி முகத்தில் இருப்பதை என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

“மல்லிகா, போன எடுத்து ராசாத்தி பக்கத்துல கொண்டுபோ. வெசையா, சீக்கிரம்.”

“எதுக்கு? அவ சீட்ட எட்டிப் பாக்கறதுக்கா? அந்த வேலையெல்லாம் எங்ககிட்ட ஆகாது. நாங்க என்ன நேத்துப் பொறந்தவங்களா?”

“வெளையாட்டு இல்ல புள்ள. ஸ்ட்ரோக்கு மாதிரி தெரியுது எனக்கு.”

எஸ்தர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். “நர்சம்மாவும் சேந்துட்டா! ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஆடுதீங்களா?”

ராசாத்தி ஏதோ சொன்னாள். தலைக்குள்ளே என்று தொடங்கிய பேச்சு குழறிக் கஞ்சியாகி வந்தது. “குடிகாரன் பேசறாப்புலயே பேசறா பாரு, இது புது நோவு!” என்று மல்லிகா கைதட்டினாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். கத்தினால் அதையும் நடிப்பு என்றார்கள். தோழியின் மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பலாக்கொட்டையை எண்ணி எடுக்கிறார்கள், நான் ஏழு கடலுக்கு அப்பால் சமையல்கட்டில் நின்று ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்துக் கதறுகிறேன். அவர்கள் மேல் தப்பே இல்லை. அத்தனை வருஷமும் அப்படித்தானே ஆடினோம். கேரல் வீட்டில் என்றால் இந்நேரம் நாடி பார்த்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. மலையில் ஒருத்தி நோவு சொன்னால் சிரிப்பதுதான் எங்கள் பாசம்.

நம்ப வைக்க எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள்தான், ஆனால் கடவுச்சீட்டு சிவப்போ நீலமோ எதுவாக இருந்தாலும் அந்த வார்த்தையை விளையாட்டில் சொல்ல எனக்குப் பயம். ஒருவேளை அவள் நடிக்கிறாள் என்றால்? பொய் என்று தெரிந்தும் ரோஷத்தில் கையை நீட்டிவிட்டாள் என்றால்? அவள் வீட்டுக்கு ஒன்று ஆனால் அதைக் கூப்பிட்டவள் நானாகிவிடுவேனே. சொல்லிவிட்டேன்.

“ராசாத்தி, பெரியசாமி மேல சத்தியம் பண்ணு. உன்ற நோவு மெய்யா, பொய்யா?”

சிரிப்பு நின்றது. மல்லிகா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

“என்ன பேச்சு பேசற நீ? நாலு பலாக்கொட்டைக்குச் சாமியக் கூப்படறயா? சீமைக்குப் போயி புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

ராசாத்தி போனைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்தது, அல்லது கோபம் என்று நான் நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே வாசலுக்கு நேராகத் திரும்பினாள். மூட்டத்துக்குள் கோயில் மலை இருக்கும் திக்கு அது. கைகளை நீட்டினாள். இடது கை எழுந்து நேராக நின்றது. வலது கை மடியில் கிடந்தது, விரலுக்கு நடுவில் ஒரு சீட்டோடு. அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடியும் இடது கை மட்டும்தான் எழுந்தது.

இப்போதாவது வண்டியைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். மல்லிகா ஓடினாள், சாமி படத்தடிக்கு ஓடினாள். “அய்யோ சாமி, குத்தமாயிப்போச்சு! கையப் புடிச்சுட்டியே, தெரியாமக் கூப்புட்டுட்டாளே!” என்று அலறிக்கொண்டு திருநீறு எடுக்கிறாள், மஞ்சள் துணி தேடுகிறாள், காசு முடிந்து வைக்க வேண்டும் என்கிறாள். விளையாட்டில் சத்தியம் கேட்டதற்குச் சாமிதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. சிரிக்க வேண்டாம். ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஸ்கேன் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் தேய்ந்துபோன எனக்கே, நான் கேட்டதனால்தான் கை விழுந்தது என்று உறுதியாகத் தோன்றியது. இங்கே படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எஸ்தர்தான் அசையாமல் போனைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏட்டி செல்வி, என்ன செய்யணும் சொல்லு.”

அந்தக் குரல்தான் என்னை மறுபடி நர்சாக்கியது. ஒருக்களித்துப் படுக்க வை என்றேன். தண்ணி, காப்பி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதே, புரையேறிவிடும். கை மரத்துப்போச்சு என்று அவள் சொன்ன நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். கீழே நாமக்கல் போக வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், அடைப்பைக் கரைக்கும் ஊசி போடக் கெடு இருக்கிறது, கெடு தாண்டினால் ஊசியும் கிடையாது. “மல்லிகா! காசு முடிஞ்சு வை, வேண்டாங்கல. வண்டியில போயிக்கிட்டே முடிஞ்சு வை!” என்று கத்தினேன். அது அவளுக்குப் புரிந்தது. மஞ்சள் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு கணவன் துரைசாமியைக் கூவிக் கூப்பிட்டாள். அன்னாசியும் பலாவும் ஏற்றுகிற அவருடைய பிக்கப் வண்டி வாசலிலேயே நின்றது. ஆம்புலன்ஸ் மேலே வந்து திரும்பும் நேரத்தில் நாமே பாதி மலை இறங்கிவிடலாம், அடிவாரத்தில் வந்து நிற்கச் சொல்லுவோம் என்றார் துரைசாமி.

“ஏனுங்க, எந்த ரோட்டுல போறது? முள்ளுக்குறிச்சிப் பக்கம் வளைவு கம்மி, ஆனாச் சுத்து,” என்று அவர் போனைப் பார்த்துக் கேட்டார். என்னிடம் கேட்டார்! எனக்கு மூளையின் எந்தப் பக்கம் அடைத்தால் எந்தக் கை விழும் என்று தெரியும். இந்த மழையில் எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? நான் பஸ்ஸில் அந்த ரோட்டில் இறங்கியே வருஷக்கணக்காகிறது, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. “நீங்களே பாருங்கண்ணா,” என்றேன். அழுகை வந்துவிட்டது. “காரவள்ளி வழியாவே போயர்லாம், அதுதான் கிட்ட,” என்று வண்டியை எடுத்தார். பின்னால் படுதாவுக்கு அடியில் மெத்தை போட்டு ராசாத்தியைக் கிடத்தி, இரண்டு பக்கமும் மல்லிகாவும் எஸ்தரும் உட்கார்ந்துகொண்டார்கள். எஸ்தரின் கையில் நான் இருந்தேன். படுதாவின் நீலமும், மழையும், ராசாத்தியின் நெற்றியும் மாறி மாறித் தெரிந்தன. ராசாத்தி என்னமோ முனகினாள். எஸ்தர் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “களத்துல மொளகு காயுதாம், நனையுதாம்.” முதல் வளைவில் படம் நின்றது. இரண்டாவதில் குரலும் போனது.

எழுபது வளைவு அந்தக் காரவள்ளி ரோட்டில். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் போர்டைப் படம் எடுத்துக்கொள்வார்கள். நான் சமையல்கட்டில் நின்றபடி அவற்றை ஒவ்வொன்றாக மனசில் இறங்கினேன். மூட்டத்தில் எதிரே லாரி வந்தால்? மரம் விழுந்திருந்தால்? திருப்பத்தில் உருண்டு அவள் வாந்தி எடுத்து மூச்சில் போய்விட்டால்? பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அது சிங்க்கில் கழுவாமல் கிடந்த தட்டில்கூட இருந்தது. ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். டெக்ஸ்ட் எல்லாம் போடவில்லை, கேரலை நேராகக் கூப்பிட்டேன்.

“என்ன ஆச்சு?” என்றாள் எடுத்தவுடன். சொல்லாமல் கூப்பிட்டதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. வீட்டுச் செருப்போடு காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் வேறு உலகத்திலிருந்து வந்தது. “அவள் உன் குடும்பமா?” இல்லை, சீட்டாட்டக்காரி என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. “ஹெலிகாப்டர் அனுப்புவார்களா?” அன்னாசி வண்டி என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், நான் ஆங்கிலத்தில் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். “நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேட்டபோது சத்தியம் கேட்டதைச் சொல்லப் பார்த்தேன். ‘இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன்’ என்றுதான் ஆங்கிலத்தில் வந்தது. “சரியான பரிசோதனை, கெட்டிக்காரி,” என்றாள். நான் செய்தது அது இல்லை கேரல் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. கெட்டிலைப் போட்டாள். டீ ஆறிப்போயிற்று, அதை யாரும் குடிக்கவில்லை.

போன் அடித்தது. எடுக்க முடியவில்லை என்னால். கேரல் எடுத்து என் காதில் வைத்தாள்.

“செல்வி, நான் எஸ்தர். அடிவாரத்துக்கு, காரவள்ளிக்கு வந்துட்டோம், ஆம்புலன்சு வந்து நின்னுச்சு, மாத்தியாச்சு. உசுரோட இருக்கா. காளப்பநாயக்கன்பட்டி தாண்டிட்டோம்.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு யுகம். பிறகு மறுபடி அவள்தான். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, அடைப்புதானாம், ரத்தக்கசிவு இல்லை. எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டாராம், இவள் சொன்னாளாம், கெடுவுக்குள் வந்துவிட்டீர்கள் என்று ஊசி போட்டுவிட்டாராம். “பொழச்சுக்குவாளாம் ஏட்டி. பொழச்சுக்குவாளாம்.” கடற்கரைக்காரி அதற்கு மேல் பேச முடியாமல் போனிலேயே அழுதாள். நானும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தமிழ் தெரியாத கேரல், செத்துவிட்டாள் என்றோ, பிழைத்துவிட்டாள் என்றோ ஏதோ ஒன்று புரிந்துகொண்டு கூடவே அழுதாள். நல்லதுதான் என்று நான் சொன்ன பிறகும் அழுதுகொண்டிருந்தாள்.

ராசாத்தி பிழைத்துக்கொண்டாள். திருப்பூரிலிருந்து மகள் வந்து கொஞ்ச காலம் கூட இருந்தாள். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள், வலது கை பாதிதான் திரும்பி வந்திருக்கிறது, பேச்சு மெதுவாக, வார்த்தையைத் தேடித் தேடி வருகிறது. தைப்பொங்கல் முடிந்து பாயைத் திரும்ப விரித்தார்கள். ஒரு கையால் சீட்டைப் பிடிக்கவும் எடுக்கவும் முடியாதல்லவா, அதற்காக மல்லிகா தானியம் அளக்கும் படியில் சாமையை நிரப்பி வைத்தாள். ராசாத்தி தன் சீட்டுகளைச் சாமையில் நட்டுவைத்துக்கொண்டு, இடது கையால் உருவி உருவி ஆடினாள். நன்றாகவே ஆடினாள். நாங்கள்தான் ஆடவில்லை. மல்லிகா எந்தச் சீட்டைப் போடுகிறோம் என்று பார்க்காமல் ராசாத்தி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் நோவு சொல்லவில்லை. கேரல் வீட்டு மேஜை மாதிரி எல்லாரும் தட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது ஆட்டத்தில் ராசாத்தி இடது கையை நெற்றியில் வைத்தாள்.

“அய்யோ... தல... வலிக்குது... புள்ள.”

பாய் கலைந்தது. மல்லிகா எழுந்து துரைசாமியைக் கூப்பிட வாசலுக்குப் போய்விட்டாள். எஸ்தர் ராசாத்தியின் தோளைப் பிடித்தாள். நான் இங்கிருந்து, “ரெண்டு கையையும் தூக்கு, சிரிச்சுக் காட்டு, உன்ற பேரச் சொல்லு,” என்று அடுக்கிக்கொண்டே போனேன். ராசாத்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சாமைப் படியிலிருந்து சீட்டுகளை உருவிப் பாயில் எறிந்தாள். நாலு ராணி.

“சிரிங்கடி,” என்றாள். வார்த்தையைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக வைத்தாள். “சாவுல இருந்து... வந்துபோட்டேன். நீங்க... இன்னும்... என்னைய... அங்கயே... வெச்சிருக்கறீங்க. சிரிங்கடி... ஒருத்தியாவது.”

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எஸ்தர் சிதறிய சீட்டுகளைப் பொறுக்கினாள். சிரிப்பு வருமா? யாருக்கு வரும்? அங்கே அவள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே வராதபோது எனக்கு எங்கிருந்து வரும்? ஆனாலும் சிரித்தேன். “அடி கள்ளி, நாலு ராணிய வெச்சுக்கிட்டா தலைவலின்னு சொன்ன!” என்று சொல்லிவிட்டு, ஹல் நகரத்துச் சமையல்கட்டில் தனியாக நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுச் சுவர் அதிர விழுந்து விழுந்து சிரித்தேன். ராசாத்தியின் முகம் மலர ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டது, வாய் பாதி திறந்தபடி. அங்கே என் குரல் போய்க்கொண்டிருக்கிறதா என்று தெரியவில்லை. போகிறது என்றால் நடுவில் நிறுத்தக் கூடாது. அதனால் அந்த உறைந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். கண் மட்டும் அவள் உதட்டின் வலது ஓரத்தை விட்டு நகரவில்லை.